நாட்டுக்கொரு நீதியா?

ஏலாக்குறிச்சிக்குத் தெற்கே ஓடும் கொள்ளிடம் சென்று சேரும் வங்கக் கடலில் ஆமைகள் வாழ்கின்றன. இறால் பிடிக்கும் இழுவலையில் சிக்கி, மூச்சடைத்து மாள்கின்றன. ஆமை தப்பும் கருவியை வலையில் பொருத்தாத நாடுகளின் இறாலுக்கு 1996இல் தடை போட்டது அமெரிக்கா. இந்தியா, மலேசியா, பாகிஸ்தான், தாய்லாந்து நான்கும் உலக வணிக அமைப்பில் வழக்கிட்டன.

1998இல் தீர்ப்பு வந்தது: நோக்கம் நன்று, நடத்திய முறை தவறு! கரீபியப் பகுதி நாடுகளுக்கு 3 ஆண்டுத் தவணை. நம் போன்ற நாடுகளுக்கோ 4 மாதமே! குலத்துக்கொரு நீதியை மறுக்கும் நாம், நாட்டுக்கொரு நீதியை ஏற்போமா?

ஆனால் தோழர்களே, அத்தீர்ப்பையே கேடயமாக்கி ஆமையைக் கொல்வது மட்டும் அறமாகுமா? அமெரிக்கா தன் முறையைத் திருத்தியதும், 2001இல் அத்தடை செல்லும் என்றே முடிவாயிற்று. கடலைக் காப்பது அனைவர் கடமை. வலியோர் விதிக்க எளியோர் மட்டும் சுமப்பதன்று. பகிர்ந்து சுமப்பதே நீதி!