பற்றாசும் ஆசும்

கிள்ளான் பள்ளத்தாக்கின் திருமண மண்டபங்களிலும் கோயில் திருவிழா மேடைகளிலும் மெல்லிசைக் குழுக்கள் பாடும்போது, பேஸ் கிட்டார்க் கலைஞரை நோக்குவோர் மிகச் சிலரே. அவர்தம் கருவி ஓய்ந்துவிட்டால் மட்டும் பாட்டின் அடித்தளம் சரிந்ததை அவை உணரும். அக்கருவி விட்டுவிட்டு ஒலிக்கின்றது எனக் கொள்வோம். ஒருபுறம் சாய்த்தால் ஒலி வருகின்றது, நிமிர்த்தினால் மறைகின்றது.

காரணம் சிறிது. தந்திகளின் கீழுள்ள 'பிக்கப்' என்னும் உறுப்பில், காந்தத்தைச் சூழ்ந்து மயிரினும் மெல்லிய செம்புக் கம்பி பல்லாயிரம் சுற்றுகளாய் அமைந்திருக்கும். எஃகுத் தந்தி அதிர, அக்கம்பியில் மின்னோட்டம் பிறக்கும். ஃபாரடே 1831-இல் கண்ட உண்மையே இது. அம்மின்னோட்டத்தை வெளிக்கொணரும் கம்பியின் பற்றவைப்புத் தளர்ந்துவிட்டது, அவ்வளவே.

அறுந்த கம்பி ஒருவகையில் நேர்மையுடையது. ஒலியே இல்லை, உடனே செப்பனிட்டாக வேண்டும். தளர்ந்த கம்பியோ 'இப்போது வருகிறதே' என்று ஆறுதல் கூறுகின்றது. கலைஞன் சாய்ந்து நின்றே வாசிக்கப் பழகிக்கொள்கிறான். வெளிப்படாத வேளையிலும் குற்றம் குற்றந்தானா என்னும் வினா இங்கேதான் பிறக்கின்றது.

செப்பனிடுவோனுக்கும் இவ்வினா உண்டு. கம்பியையும் அது சேரும் முனையையும் முதலில் சூடேற்றி, அச்சூட்டாலேயே பற்றாசு உருகிப் பரவுமாறு செய்தல் முறை. பற்றாசை மட்டும் உருக்கி மேலே சொட்டினால், அது மணிபோல் உருண்டு ஒட்டிக்கொள்ளும். பார்வைக்கு அஃது இணைப்பே. உண்மையில் வெறும் அண்டையிருப்பு. அன்றிரவு ஒலிக்கும், கூலியும் கிடைக்கும். ஆறு திங்கள் கழித்துக் கிள்ளானில் ஒரு மணமேடையில் அது கைவிடும்போது, பிரிக்ஃபீல்ட்ஸில் பற்றவைத்தவனை எவரும் நினையார். 'வாசிக்கத் தெரியாதவன்' என்னும் பழி மேடையில் நிற்பவனையே சேரும். இதனைச் சிறு பிழை என்று தள்ளுதல் எங்ஙனம்?

பற்றாசு தமிழ் மாணவர்க்குப் புதிய சொல்லன்று. குறட்பாவும் தனிச்சொல்லும் பொருந்தாது விட்டிசைக்குமிடத்து ஓரிரு அசை கூட்டி இணைப்பதே ஆசிடை நேரிசை வெண்பா. உலோகத்தைப் பற்றாசிட்டு இணைப்பதையே யாப்பருங்கலக்காரிகை உரை அதற்கு உவமை காட்டுகின்றது. அந்த 'ஆசு' என்னும் சொல்லுக்கே குற்றம் என்னும் பொருளும் உண்டு. சொல்லால் ஒன்றான இவ்விரண்டும் செயலில் ஒன்றாகிவிடாமல் காப்பது பற்றவைப்பவன் கை.

பற்றாசு இறுகும்வரை அக்கை அசையலாகாது. பின்னர்க் கம்பியை மெல்ல இழுத்துப் பார்த்தல் வேண்டும். அளவுமானியின் முள் அசையாது நின்ற பிறகே மூடியைத் திருகலாம்.