கரும்புக்கு வந்த கைகள்

ஹவாயின் ஹொனலுலு நகரத்து இசைக்கருவிக் கடைகளில் உகுலேலே என்ற சிறு நரம்பு வாத்தியத்தைப் பார்க்கப் போகிறவர் கண்ணில் முதலில் படுவது சாயம் பூசிய மலிவுச் சரக்குதான். சுற்றுலா வந்தவர்கள் ஊருக்கு வாங்கிப் போவது அது. கைவேலை உகுலேலே சற்று உள்ளே தள்ளி இருக்கும். கேட்டால் எடுத்துக் கையில் கொடுப்பார்கள். அதைக் கண்ணால் மட்டும் பார்த்து அறிய முடியாது. வாங்கிப் பிடித்தால் இவ்வளவு லேசா என்று தோன்றும். ஒரு நரம்பை மீட்டியதும் நெஞ்சோடு அணைத்த பின்பலகை அதிர்வது உடம்பில் தெரியும். மலிவுக் கருவியில் நரம்பின் ஓசை மட்டுமே கேட்கிறது. இதில் மரம் முழுவதும் பேசுகிறது.

அதன் மேற்பலகையை ஏறக்குறைய இரண்டு மில்லிமீட்டர் கனத்துக்கு இழைக்கிறார்கள். தடித்துப்போனால் ஒலி அடைபடும். மெலிந்துபோனால் நரம்புகளின் இழுப்பில் பலகை குழியும். ஒரே மரத்தில் அறுத்த இரண்டு பலகைகள்கூட ஒன்றுபோல் இருப்பதில்லை, அதனால் எங்கே நிறுத்துவது என்பதை அளவுகோலிடம் மட்டும் கேட்க முடியாது. தட்டிப் பார்த்து, வளைத்துப் பார்த்து, இன்னும் ஒரு சீவல் எடுக்கிறார்கள். பக்கப்பலகையை நனைத்துச் சூடான இரும்பில் மெல்ல அழுத்தி வளைக்கிறார்கள். அவசரப்பட்டால் மரம் பிளந்துவிடும்.

சாமுவேல் கமாகா 1916இல் ஹொனலுலுவில் தொடங்கிய பட்டறை இன்றும் அவருடைய குடும்பத்தின் கையில்தான் இருக்கிறது. அங்கே காது கேளாதவர்கள் பல பத்தாண்டுகள் வேலை செய்திருக்கிறார்கள். பலகையின் அதிர்வை விரல் நுனியில் உணர்ந்து, அதன் கனம் போதுமா என்று அவர்கள் தீர்மானித்தார்கள். காதுக்காகச் செய்யப்படும் ஒரு பொருளின் தரத்தைக் கேளாதவர்களின் விரல்கள் முடிவு செய்தன. இந்தச் செய்தியை என்னால் சாதாரணமாகக் கடந்துபோக முடியவில்லை. கை என்பது எவ்வளவு அறிந்தது என்பதற்கு இதைவிட வேறு சாட்சி எனக்குத் தெரியாது.

அந்தக் கைகளின் பரம்பரை கரும்புத் தோட்டத்திலிருந்து வருகிறது. 1879 ஆகஸ்டில் ரேவன்ஸ்கிராக் என்ற கப்பல் போர்ச்சுகலின் மதீராத் தீவிலிருந்து நானூறுக்கும் மேற்பட்டவர்களை ஹொனலுலுவில் இறக்கியது. மதீராவில் திராட்சைக் கொடிகள் நோயில் அழிந்து, பிழைப்பு கெட்டிருந்தது. ஹவாயின் சர்க்கரை முதலாளிகளுக்கு ஆள் தேவைப்பட்டது. அதே 1879இல்தான் லியோனிடாஸ் கப்பல் கல்கத்தாவிலிருந்து முதல் இந்திய ஒப்பந்தக் கூலிகளை ஃபிஜிக்குக் கொண்டுபோனது. பிறகு தமிழர்களும் அந்தக் கரும்புக் காடுகளுக்குப் போனார்கள். கங்காணியையும் ஒப்பந்தத்தையும் அறிந்த நமக்கு ரேவன்ஸ்கிராக்கின் கதையில் விளக்க வேண்டியது அதிகமில்லை.

அந்தக் கப்பலில் மானுவேல் நூனெஸ், அகுஸ்தோ டியாஸ், ஜோசே டோ எஸ்பிரிட்டோ சாண்டோ என்று மூன்று தச்சர்கள் இருந்தார்கள். நாற்காலியும் அலமாரியும் செய்யத் தெரிந்தவர்கள். கரும்பு முதலாளிக்குத் தேவையாயிருந்தது தோளும் முதுகும்தான். இழைப்புளி பிடிக்கத் தெரிந்த விரல்களை யாரும் கணக்கில் எடுத்திருக்க மாட்டார்கள். 1880களின் நடுவில் மூவரும் ஹொனலுலுவில் பட்டறை போட்டிருந்தார்கள். தங்கள் தீவின் நான்கு நரம்புச் சிறு கருவியான மஷேட்டை, ஹவாயில் மட்டுமே இயற்கையாக வளரும் கோஆ மரத்தில் செய்யத் தொடங்கினார்கள். அதுவே உகுலேலே ஆனது. ஹவாய் மன்னர் கலாகௌவா அதை விரும்பி அரண்மனைக்குள் கொண்டுவந்தார். கூலிகளோடு கப்பலேறி வந்த வாத்தியம் அரசவையில் ஹூலா நடனத்தோடு சேர்ந்தது. உகுலேலேயை மதீராவின் உடைமை என்றும் சொல்ல முடியாது, ஹவாயின் உடைமை மட்டும் என்றும் சொல்ல முடியாது என்பதே என் எண்ணம். அது இரண்டு மக்களின் கைவேலை.

நல்ல உகுலேலேயின் ஒலித்துளை வழியே பார்த்தால் உள்ளே ஒட்டிய சீட்டில் செய்தவர் பெயர் இருக்கும். ஹவாயின் தோட்டங்களில் ஆசியக் கூலிகளுக்கு எண் பொறித்த உலோக வில்லை கொடுத்திருந்தார்கள். சம்பளப் புத்தகத்தில் அந்த எண்தான் ஆள். தோட்டம் எண் கொடுத்த ஊரில் பட்டறை பெயர் கொடுத்தது. நூனெஸ் தம் சீட்டில் உகுலேலேயைக் கண்டுபிடித்தவர் தாமே என்று அச்சிட்டுக்கொண்டார். அது மற்ற இருவருக்கும் செய்த அநீதி என்றே நினைக்கிறேன். ஆனால் அவரிடம் தொழில் பழகியவர்தான் கமாகா என்பதையும் மறக்கக் கூடாது. மற்ற இருவரின் பெயர்களும் இன்று நினைக்கப்பட வேண்டும்.

1915இல் சான்பிரான்சிஸ்கோ கண்காட்சிக்குப் பின் அமெரிக்கா முழுவதும் உகுலேலே மோகம் பரவியது. பெருநிலத்துத் தொழிற்சாலைகள் செய்து குவித்தவற்றைத் தடுக்க ஹவாய்க்காரர்களால் முடியவில்லை. 1949இல் மாரியோ மக்காஃபெரி பிளாஸ்டிக் உகுலேலேயைக் கொண்டுவந்தார். அவை லட்சக்கணக்கில் விற்றன. அதனால் ஏழை வீட்டுப் பிள்ளைகள் கையிலும் வாத்தியம் வந்தது என்பதை மறுக்க மாட்டேன்.

எனக்குக் கவலை மரத்தைப் பற்றியது. கோஆ, நீலகிரியில் சீகை என்று சொல்கிற வாட்டில் மரத்தின் பேரினத்தைச் சேர்ந்தது. அங்கே அயலிலிருந்து வந்த வாட்டில் சோலையையும் புல்வெளியையும் விழுங்கிக்கொண்டிருக்கிறது. ஹவாயிலோ மண்ணுக்குச் சொந்தமான கோஆ ஒடுங்கிவிட்டது. 1793இல் கப்பல் தலைவர் வான்கூவர் மன்னர் கமேஹமேஹாவுக்கு மாடுகளைக் கொடுத்தார். கொல்லக் கூடாது என்ற தடையால் அவை பெருகிக் காடேறி, கோஆக் கன்றுகளை முளையிலேயே மேய்ந்தன. பிறகு மேய்ச்சலுக்காகக் காட்டையே அழித்தார்கள். இன்று தச்சர்கள் பெரும்பாலும் பட்டுப்போன, விழுந்துபோன மரங்களையே நம்பியிருக்கிறார்கள். கோஆ உகுலேலேயின் விலை ஆயிரம் டாலரைத் தாண்டுவதில் இந்தக் காட்டின் கணக்கும் சேர்ந்திருக்கிறது.

அந்த விலையைக் கொடுக்க எல்லாராலும் முடியாது. ஆனால் வாங்க வசதியில்லாதவரிடமும் அதை எடுத்துக் கொடுத்து, உட்கார்ந்து வாசித்துப் பாருங்கள் என்று சொல்லும் கடைக்காரர்கள் இருக்கிறார்கள். அப்படி ஒருமுறை வாசித்துப் பார்த்த சிறுவன், ஒலித்துளைக்குள் எட்டிப் பார்த்து, இது யார் பெயர் என்று கேட்கக்கூடும். பதில் சொல்லத் தெரிந்த ஒருவர் அங்கே நிற்கும்வரை அந்தக் கடை திறந்திருக்க வேண்டும் என்று விரும்புகிறேன்.