பின்சக்கரத்தின் முனகல்

திண்டுக்கல் சாலையில் எங்கள் காரின் பின்பக்கத்திலிருந்து புதியதொரு முனகல் எழுந்தது. வேகம் கூடக் கூட அதுவும் உரத்தது. கியரை நியூட்ரலுக்கு மாற்றியும் அடங்கவில்லை. ஆகவே எஞ்சினின் குற்றமன்று. சாலையின் தளம் மாறியபோதும் தொனி மாறவில்லை, டயரும் அன்று. வலப்புறம் வளைந்தால் மிகுந்தது. அப்போது வண்டியின் பாரம் இடச்சக்கரத்தின்மேல் சாய்கிறது. இடப்பக்கப் பேரிங் தேய்ந்துவிட்டது என்று ஊகிக்க இது போதும். முற்றிலும் சிதைந்தால் சக்கரம் கழலவும் கூடும். நானோ வானொலியின் ஒலியைக் கூட்டிக்கொண்டு இரண்டு வாரம் ஓட்டினேன். (செலவுக்கு அஞ்சினேன்.) ஒன்றும் ஆகாது என்று நம்பவும் தொடங்கினேன்.

ஆங்கிலேயத் தத்துவ அறிஞர் வில்லியம் கிளிஃபர்ட் 1877இல் வெளியிட்ட கட்டுரையில் ஒரு கப்பல் முதலாளி வருகிறார். பழைய கப்பலைப் பற்றிய ஐயங்களை அடக்கி, அது உறுதியானது என்று மனமார நம்பியே, குடிபெயர்வோரை ஏற்றி அனுப்புகிறார். கப்பல் மூழ்குகிறது. பத்திரமாகக் கரைசேர்ந்திருந்தாலும் அவர் குற்றவாளியே என்கிறார் கிளிஃபர்ட். முன்பு இத்தீர்ப்பு எனக்குக் கடுமையாகப் பட்டதுண்டு. அந்த இரண்டு வாரமும் பின்னிருக்கையில் என் பேத்தி உறங்கியபடி வந்தாள் என்பதை எண்ணியபின் அப்படித் தோன்றவில்லை.

மெக்கானிக் சக்கரத்தை ஜாக்கியில் தூக்கிக் கையால் சுழற்றினார். கரகரத்தது.

“எத்தனை நாளா சார் சத்தம் வருது?”

“நேற்றிலிருந்துதான்” என்றேன்.