மதிலின் அடியில் கிடந்தவள்



தென்கொரியாவிலுள்ள கியோங்ஜு நகரம் ஏறக்குறைய ஆயிரம் ஆண்டுகள் சில்லா அரசர்களின் தலைநகராயிருந்தது. அங்கே வோல்சோங் என்னும் அரண்மனைக் கோட்டை உண்டு. பிறை வடிவாயிருப்பதால் நிலாக் கோட்டை என்று அதற்குப் பொருள். அதன் மேற்கு மதிலின் அடியை ஆராய்ச்சியாளர் தோண்டியபோது, 2017-ம் ஆண்டில் ஓர் ஆணும் ஒரு பெண்ணுமாக இரண்டு எலும்புக்கூடுகள் அகப்பட்டன. 2021-ல் அவற்றுக்கு வெகு அருகே இருபது வயது மதிக்கத்தக்க இன்னொரு பெண். மாடு, குதிரை முதலிய மிருகங்களின் விலா எலும்புகளும் அங்கே கிடந்தன. மதில் இடியாமல் நிற்கவேண்டுமென்று நாலாம் நூற்றாண்டில் கொடுத்த பலி இது என்கிறார்கள்.

மிருகங்களைப் பலியிட்டதில் அதிசயமில்லை. எருசலேம் தேவாலயத்திலும் ஆடுமாடுகள் பலியாயின. என் நெஞ்சில் தைத்தது அந்தப் பெண்ணின் உயரம். 135 சென்டிமீட்டர்தான்! நம் பள்ளியில் நாலாம், ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளின் உயரம். இவர்கள் புரதச்சத்துள்ள ஆகாரம் போதாமல் வளர்ந்த ஏழைகள் என்று அறிஞர் கருதுகின்றனர். உயிரோடிருந்தபோது இறைச்சியை வயிறார உண்டறியாதவளை, இறந்தபின் மாட்டு எலும்புகளுக்குத் துணையாக வைத்தார்கள்.

அஞ்ஞானிகளின் மூடத்தனம் என்று சட்டென்று சொல்லிவிட வேண்டாம். எரிக்கோ பட்டணத்தைத் திரும்பக் கட்டிய ஈயேல் என்பவன், அஸ்திவாரத்துக்கு மூத்த மகனையும் வாசற்கதவுகளுக்கு இளைய மகனையும் இழந்ததாக அரசராகமத்தில் வாசிக்கிறோம். அவன் இஸ்ராயேலன். பிள்ளைகளை அவனே பலியிட்டான் என்று சொல்லும் வேத வியாக்கியானிகளும் உண்டு. மலையின்மேல் அபிரகாமின் கையைத் தடுத்து, மகனுக்குப் பதிலாக ஆட்டுக்கடாவைக் காட்டிய சர்வேசுரனை அறிந்த ஜனத்திலே இது நடந்தது!

சில்லாவிலோ, அரசர் இறந்தால் ஆண்கள் ஐவரையும் பெண்கள் ஐவரையும் கூடவே புதைக்கும் வழக்கம் இருந்தது. 502-ம் ஆண்டில் ஜிஜுங் என்னும் அரசர் அதைத் தடைசெய்தார். அந்நாட்டில் நம் திருச்சபை முளைத்ததோ 1784-ல். மனச்சாட்சியின் குரல் குருக்களுக்கு முந்தியே அங்கே போய்விட்டது என்று சொல்ல எனக்குக் கூச்சமில்லை.

இன்னும் ஒன்று. அந்தப் பெண்ணின் கழுத்தில் கண்ணாடி மணிமாலையும் கையில் காப்பும் இருந்தன. பூட்டியவர் யாரோ, பெற்றவளாகவும் இருக்கலாம்.

திங்கட்கிழமை காலைப் பூசையில், நினைப்பாரற்ற ஆத்துமங்களுக்காகச் செபிக்கும்போது அவளையும் சேர்த்துக்கொள்வேன். அவள் பெயரைச் சர்வேசுரன் அறிவார். வரக்கூடியவர்கள் வாருங்கள்.