சுடாத துப்பாக்கியும் சாவக விரதமும்

ஒருபோதும் சுடப்படாத துப்பாக்கி இம்சைக் கருவியாகுமா? பழம்பொருள் திரட்டுவோர் இவ்வினாவை எழுப்பும்போது, 'ஆகும்' என ஒரே சொல்லில் விடை கூறிவிட்டு அகல்வது நமக்கு எளிது. ஆயினும் அவர்தம் வாதம் அவ்வாறு தள்ளத்தக்கதன்று. அவர்கள் உயர்வாகப் போற்றுவதே சுடப்படாத துப்பாக்கியைத்தான். குழலின் உட்புறத்தில் மருந்துக்கரி படியாமலும், எஃகின் நீல மெருகு தேயாமலும், விற்பனையான நாளில் உடன் வந்த பெட்டியிலேயே இன்றும் இருப்பதற்கே பெருவிலை. "எவ்வுயிரையும் கொல்லாத ஆயுதத்தையே நாங்கள் தேடுகிறோம், இதனால் அகிம்சைக்கு என்ன ஊறு?" என்கின்றனர்.

ஆராயப்படும் பொருள் இன்னதென முதலில் அறிவோம். சட்டைப்பையில் அடங்கும் சுழல் துப்பாக்கிகள் பத்தொன்பதாம் நூற்றாண்டின் ஆக்கம். அமெரிக்கரான சாமுவேல் கோல்ட் 1836-இல் தம் நாட்டில் காப்புரிமை பெற்றார். அவர் நிறுவனம் வெளியிட்ட 1849-ஆம் ஆண்டு மாதிரிச் சிறு துப்பாக்கி மட்டும் மூன்று இலட்சத்துக்கு மேல் செய்யப்பட்டது. பிரான்சில் யூஜின் லெஃபோஷே என்பார் ஊசித் தோட்டாவால் இயங்கும் சுழல் துப்பாக்கிக்கு 1854-இல் காப்புரிமை பெற, 1858-இல் அந்நாட்டுக் கடற்படை அதனை ஏற்றது. மிதிவண்டி ஓட்டுவோர் துரத்தி வரும் நாய்களைச் சுடுவதற்கென்றே 'வெலோ டாக்' என்னும் சிறு துப்பாக்கி 1890-களில் பாரிசில் தோன்றியது. அதற்கு மிளகாய்த்தூளும் தக்கையும் அடைத்த தோட்டாக்களும் விற்கப்பட்டன என்பதையும் கூறவேண்டும். நாயைக் கொல்லாமல் விலக்கவும் சிலர் விரும்பியிருக்கின்றனர்!

பெட்டிகளிலும் இரு மரபுகள் உண்டு. ஆங்கில மரபில் பெட்டியின் உட்புறம் நேர்த்தடுப்புகளால் சிறு அறைகளாகப் பகுக்கப்பட்டிருக்கும். பிரெஞ்சு மரபில் துப்பாக்கி, மருந்துக்குடுவை, குண்டு வார்க்கும் அச்சு, திருப்புளி, எண்ணெய்க் குப்பி ஆகிய ஒவ்வொன்றின் வடிவுக்கும் ஏற்பக் குழி அகழ்ந்து வெல்வெட்டு பதித்திருப்பர். ஒரு பொருள் குறைந்தாலும் அதன் குழி அதன் வடிவிலேயே வெறுமையாய்க் காட்சியளிக்கும். இச்செய்தி பின்னர் நமக்குப் பயன்படும்.

இனி, காரைக்காலை அடுத்த சுரக்குடியில் சாவகர் ஒருவர் பழைய வீடொன்றை விலைக்கு வாங்கினார் எனக் கொள்வோம். அப்பகுதி 1954-ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள் வரை பிரெஞ்சு ஆட்சியில் இருந்தது. பிரெஞ்சுப் படையிலும் இந்தோசீன அலுவலகங்களிலும் பணிபுரிந்து ஓய்வூதியம் பெற்றோர் காரைக்கால் வட்டாரத்தில் பலர். ஆதலின் பரணைத் துப்புரவு செய்கையில் பிரெஞ்சு எழுத்துப் பொறித்த பெட்டியும், அதனுள் விசை மடங்கிய சிறு சுழல் துப்பாக்கியும் கிடைத்தல் வியப்பன்று. இரு குழிகள் மட்டும் வெறுமையாய் உள்ளன. சாவகர் என் செய்வது? இது நமக்குத் தொலைநாட்டுச் செய்தியுமன்று. 1911 ஜூன் 17 அன்று மணியாச்சியில் ஆஷ் துரையைச் சுட்ட வாஞ்சிநாதன், பிரெஞ்சு ஆட்சியிலிருந்த புதுச்சேரியில் வ.வே.சு. ஐயரிடம் பயிற்சி பெற்றவர். சட்டைப்பையில் அடங்கும் ஆயுதம் இக்கடற்கரையின் வரலாற்றில் ஏற்கெனவே இடம் பெற்றுவிட்டது.

சட்டம் கூறுவது யாது? அமெரிக்க நாட்டின் 1968-ஆம் ஆண்டுச் சட்டப்படி 1898-ஆம் ஆண்டு முடியச் செய்யப்பட்டது பழம்பொருள். மறுநாள் செய்யப்பட்டது ஆயுதம். ஓர் இரவில் இம்சைக் கருவி கலைப்பொருளாகிவிடுகிறது! நமது 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 45-ஆம் பிரிவு இதனினும் நுட்பமானது. வழக்கொழிந்ததாயினும், தொன்மை மதிப்புடையதாயினும், பழுதுபட்டதாயினும், பழுது நீக்கியும் சுட இயலாத நிலையில் இருந்தால்தான் அது விலக்குப் பெறும். அகவையைக் கேளாது ஆற்றலைக் கேட்கிறது நம் சட்டம். ஆகவே அச்சாவகர் முதற்கண் செய்யவேண்டுவது காவல் நிலையத்தில் அறிவித்தல். எனினும் சட்டம் விலக்களித்தபின் விரதம் கேட்கும் கேள்விகள் எஞ்சுகின்றன.

சமண அறம் ஆயுதத்தைக் கண்ட அளவில் அஞ்சி ஓடும் அறமன்று. சிரவணபெளகொளவில் கி.பி. 981 அளவில் கோமடேசுவரர் திருவுருவை எழுப்பிய சாமுண்டராயர் கங்க மன்னரின் படைத்தலைவர். சாரித்திரசாரம் என்னும் அறநூலை இயற்றியவரும் அவரே. கடமையின்பொருட்டு எதிர்த்து நிற்கையில் நேரும் விரோதி இம்சையை இல்லறத்தார்க்கு ஆசாரியர்கள் முற்றாக விலக்கவில்லை. அவர்கள் கடுமையாக விலக்கியது பயனில்லாத தீங்கை. அதற்கென்றே அனர்த்ததண்ட விரதம் என ஒரு குணவிரதத்தை வகுத்து, ஆயுதம் முதலியவற்றைப் பிறர்க்கு வழங்கும் இம்சாதானத்தையும் அதனுள் அடக்கினர். படைவீரன் கைத்துப்பாக்கிக்கு ஒரு பயன் உண்டு. திரட்டுவோன் பேழையில் உள்ளதற்கோ, பயனின்மையே பெருமை. ஆதலால் 'இதனால் ஒரு பயனும் இல்லை. எனவே தீங்கும் இல்லை' என்னும் வாதம் நம்மிடம் செல்லாது. பயனின்மையைக் கூறிய அளவிலேயே அது இவ்விரதத்தின் எல்லைக்குள் வந்து நின்றுவிடுகிறது.

மேலும் நுணுகிக் காண்போம். வினை வந்து சேர்வதற்கு உயிரற்ற பொருள் இடமாகும் முறையைத் தத்துவார்த்த சூத்திரத்தின் ஆறாம் அத்தியாயம் நான்காகப் பகுக்கிறது: ஆக்குதல், வைத்தல், கூட்டுதல், செலுத்துதல். துப்பாக்கியைத் திரட்டுவோர் அதனை ஆக்கியவரல்லர். செலுத்துபவருமல்லர். வைத்தலிலும் குற்றம் காண்பது அரிது. பாராமல் வைத்தல், நன்கு துடையாமல் வைத்தல், பதற்றத்தில் வைத்தல், நினைவின்றி வைத்தல் எனப் பூஜ்யபாதர் உரையில் காணும் குறைகளுள் ஒன்றும் அவரிடம் இராது. மென்துணியால் துடைத்து, எண்ணெயிட்டு, ஈரம் படாமல் காக்கும் அவர் பேணுதலை நம் ஆலயத்து ஏட்டுச்சுவடிகள் பெற்றிருப்பின், இன்று எத்தனை நூல்கள் எஞ்சியிருக்கும்!

அவர் அகப்படும் இடம் கூட்டுதல். அவ்விரு வெறுங்குழிகளை நினைவுகூர்க. பெட்டியைத் திறக்குந்தோறும் அவை 'எம்மை நிரப்புக' என்கின்றன. எங்கோ ஓர் ஊரில் தனித்துக் கிடக்கும் எண்ணெய்க் குப்பியையும், வேறோர் இடத்திலுள்ள பழைய தோட்டாக்களையும் தேடிச் சேர்க்க உள்ளம் விரைகிறது. காலம் தன் போக்கில் பிரித்துச் செயலறச் செய்திருந்த கருவியின் உறுப்புகளை மீண்டும் ஒன்றுசேர்த்து முழுமையாக்குவதே இத்தொழிலின் உயிர். உபகரணக் கூட்டு என ஆசாரியர் சுட்டியது இதற்கு முற்றும் பொருந்துகிறது. இனி, 'இது எனது' என்னும் மயக்கமாகிய மூர்ச்சையே பரிக்கிரகம் என்பது நாமறிந்த இலக்கணம். இங்கோ, இன்னும் கைக்கு வாராத குப்பியின்மீதும் அம்மயக்கம் படர்கிறது. உள்ள பொருளுக்கு அளவு குறித்து விரதம் ஏற்கலாம். இல்லாத பொருளின் குழிக்கு அளவு குறிப்பது எங்ஙனம்?

அழகுணர்ச்சியை நான் இகழவில்லை. எஃகில் கொடியும் பூவும் செதுக்கிய கைவினைஞன் திறம் மெய்யானது. ஆயினும் அவ்வழகு எப்போதும் களங்கமற்று நிற்பதில்லை. 1881 ஜூலை 2 அன்று அமெரிக்கக் குடியரசுத் தலைவர் கார்பீல்டைச் சுட்ட கீட்டோ, பிற்காலத்தில் அருங்காட்சியகத்தில் பொலிவாய்த் தோன்றும் எனக் கருதித் தந்தப் பிடியுள்ள துப்பாக்கியை விரும்பினான் என வரலாற்றாசிரியர் எழுதுவர். சுடுவதற்கு முன்பே காட்சிப் பேழை அவன் கருத்தில் இருந்தது. அத்துப்பாக்கி பின்னர்த் தொலைந்து போயிற்று.

சுரக்குடிச் சாவகருக்கு மீள்வோம். உரிமம் பெற்ற வணிகரிடம் அதனை விற்று, வந்த பொருளை ஜினாலயத் திருப்பணிக்கு அளித்துவிடலாம் என உறவினர் அறிவுரை கூறுவர். நல்லெண்ணத்தோடு கூறப்படும் இதுவே எனக்கு மிகுந்த தயக்கம் தருவது. பெருவிலை கொடுப்பவன் யார்? குழிகளை நிரப்பத் துடிப்பவனே. அவனிடம் கொடுத்தல் நம் மூர்ச்சையைத் துறப்பதுபோல் தோன்றினும், ஆயுதத்தைக் கைமாற்றும் இம்சாதானத்தைத் திருப்பணி என்னும் பெயரால் மறைப்பதாகும். தொகை பெரிதாகுந்தோறும் ஆசையும் பெரிதென்பதற்கு அத்தொகையே சான்று. ஆலயத்தார் அதனை ஏற்கலாகாது என்பதே என் கருத்து. மாறுபடும் அன்பர்களும் இருப்பர்.

வீட்டில் வைத்துக்கொள்வதையும் நான் பரிந்துரையேன். குழந்தைகள் உள்ள வீட்டில் அப்பெட்டி ஒரு பெருமைப் பேச்சாகிவிடும். காவல்துறை வழியே உரிய இசைவு பெற்று, சுட இயலாதவாறு செய்வித்து, பொது அருங்காட்சியகம் ஒன்றுக்கு வழங்குதலே தக்கது. 1851-இல் தோன்றிய சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் தஞ்சை அரண்மனைப் படைக்கலங்கள் உள்ளன. அதே வளாகத்தில் தீர்த்தங்கரர் திருவுருவங்களும் உள்ளன. அங்கே பொருள் ஒருவருக்கும் 'எனது' ஆவதில்லை. இதுவும் இம்சாதானம் ஆகாதோ எனில், செயலற்றதை, செயற்படுத்த எண்ணாதாரிடம் ஒப்படைப்பதில் அக்குற்றம் சாராது என்க.

துப்பாக்கியைக் கொடுத்துவிட்டு, வெல்வெட்டு பதித்த அப்பெட்டியை மட்டும் நகை வைக்க எடுத்துக்கொள்ளலாமா என வீட்டுப் பெண்மணி கேட்கக்கூடும். நேர்த்தடுப்புள்ள ஆங்கிலப் பெட்டியாயின் நானும் தடை சொல்ல மாட்டேன். பிரெஞ்சுப் பெட்டியில் எந்த நகையை வைத்தாலும் அக்குழியின் வடிவம் மறையாது. அன்றியும், செய்தவர் பெயரும் அவர் இருந்த தெருவும் மூடியின் உட்புறச் சீட்டில்தான் காணப்படும்; பெட்டி இல்லையேல் அருங்காட்சியகத்தார்க்கு அப்பொருளின் வரலாற்றில் பாதி கிட்டாது. குழிகள் வெறுமையாகவே இருக்க, இரண்டையும் சேர்த்தே அனுப்பிவிடுக.