நோயும் முன்வினையும்



சில நாள் வயிற்றுவலி என்று மருத்துவமனைக்குச் சென்ற குடும்பத் தலைவிக்குப் புற்றுநோய் என்று மருத்துவர் அறிவிக்கின்றார். யாரும் எதிர்பாராத செய்தி. வீடு கலங்குகின்றது. துக்கம் விசாரிக்க வரும் உற்றாரோ, "எந்தப் பிறவியில் என்ன தீங்கு செய்தாளோ!" என்கின்றனர். உலகத்தார் இவ்வாறு பேசுவதில் வியப்பில்லை. திரிசரணம் ஏற்ற நம் இல்லங்களிலும் இச்சொல் எழலாமோ?

இராசகிருகத்து வேணுவனத்தில் மோலிய சிவகர் என்னும் பரிவிராசகர் இதையே பகவானிடம் வினவினார். மாந்தர் நுகரும் இன்பதுன்பமெல்லாம் முன்வினைப் பயனே என்போர் கூற்று மெய்யோ என்றார். மெய்யன்று என்றே ததாகதர் விடையளித்தார். பித்தம், கபம், வாதம், இம்மூன்றின் கூட்டு, பருவ மாறுதல், உடலைப் பேணுதலில் தவறு, பிறரால் நேரும் தாக்குதல், வினைப்பயன் என எட்டுக் காரணங்களை எடுத்துரைத்தார் எனச் சம்யுத்த நிகாயம் கூறுகின்றது. வினை எட்டில் ஒன்றேயன்றி எட்டும் அன்று. அவ்வொன்றையும் இன்னார்க்கு இன்னதென்று தீர்ப்புக் கூற நாம் யார்?

நம் முன்னோரை ஊருக்குப் புறத்தே ஒதுக்கியவர்களும் முன்வினை என்றே நியாயம் கூறினர் அன்றோ? 1898இல் அயோத்திதாசப் பண்டிதர் சாக்கிய பௌத்த சங்கம் கண்டதும், 1956 அக்டோபர் 14இல் நாகபுரியில் பாபாசாகேப் அம்பேத்கர் தம்ம தீக்கை பெற்றதும் அப்பொய்யை மறுத்தன்றோ? வாயிற்புறம் துரத்திய பொய்க்கு நோயாளியின் படுக்கையருகே ஆசனம் இடுதல் தகாது.

இன்னொன்றும் காண்கின்றோம். சில வீடுகளில் நோயுற்றவரின் தட்டையும் குவளையையும் தனியே வைக்கின்றனர். புற்றுநோய் ஒருவரைத் தொடுவதால் ஒட்டுவதன்று. உடலின் உயிரணுக்கள் கட்டுக்கடங்காது பெருகுவதே அந்நோய். புகையிலை போன்ற காரணங்கள் சிலரிடம் தெரிகின்றன. பலரிடம் இன்ன காரணம் என்று மருத்துவராலும் கூற இயலுவதில்லை. தனிக்குவளையின் வேதனையை நம்மினும் அறிந்தவர் யார்? அதை நம் தாய்க்கே நாம் வைக்கலாமோ?

வினையென்று சோர்ந்திருப்போர் மருந்தையும் தள்ளிப்போடுகின்றனர். பரிகாரத்திலும் தாயத்திலும் காலம் கழிய, நோய் முற்றுகின்றது. மருந்து பெறினும் பெறாவிடினும் பிழைப்போர், பெறினும் பிழையாதோர், பெற்றால் மட்டுமே பிழைப்போர் என நோயாளர் மூவகையினர். மூன்றாமவர் பொருட்டே யாவருக்கும் மருந்தும் உணவும் பணிவிடையும் விதிக்கப்பட்டன எனப் பகவான் அருளினார். நம்மவர் எவ்வகையினர் என்று நாம் அறியோம். ஆதலின் சிகிச்சை செய்வித்தலே தம்மம். தம் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையார், அத்துயரத்தையே தொண்டாக்கி, 1954இல் சென்னை அடையாற்றில் புற்றுநோய் மருத்துவமனை திறக்கச் செய்தார். துயருற்ற குடும்பத்திலிருந்து பிறக்கத்தக்கது இத்தகைய செயலே.

மருந்தால் தீராத நோயும் உண்டு. அப்போதும் குடும்பத்தின் கடமை முடிவதில்லை. பகவானின் காலத்தில் நகுலபிதா கடும் நோயுற்றார். மனைவி நகுலமாதா அருகமர்ந்து, "கவலையோடு உயிர் நீத்தல் வேண்டா, பஞ்சு நூற்கவும் கம்பளி பின்னவும் அறிவேன், மக்களைக் காப்பேன், இல்லத்தை நடத்துவேன்" என்னும் கருத்துப்படத் தேற்றினார். கணவரின் நெஞ்சை எது அழுத்துகின்றதென அறிந்து அதையே இறக்கி வைத்தார். அவர் நலமுற்று எழுந்தபோது, இத்தகைய துணைவி வாய்த்தது பெரும்பேறு எனப் பகவான் புகழ்ந்தார்.

ஆகவே, நோயுற்றவரிடம் "என்ன செய்தாய்?" என்று கேளாதிருப்போம். "உன் நெஞ்சில் பாரமாய் இருப்பது யாது?" என்று கேட்போம். அவருடன் ஒரே பந்தியில் அமர்ந்து உண்போம். மருந்தைத் தவறாது அளிப்போம். நோயாளிக்குப் பணிவிடை செய்பவன் எனக்கே செய்பவனாவான் என்ற ததாகதரின் மொழிக்கு நம் இல்லங்களே சான்றாகுக.

நோயுற்றோர் யாவரும் நலம் பெறுவாராக!