ஃபார்மட் போடாதீங்க

"என்ன வேணா மாத்துங்க தம்பி, ஃபார்மட் மட்டும் போட்டுடாதீங்க." மறைமலைநகரிலிருந்து வந்த ஓய்வுபெற்ற வாத்தியார், மஞ்சள் பையிலிருந்து லேப்டாப்பை எடுத்து என் மேஜையில் வைக்கும்போதே சொன்னார். மழைத்தண்ணீர் இறங்கி மதர்போர்டு போயிருந்தது. அவர் மனைவி காலமாகி இரண்டு வருஷம். அந்த அம்மாவின் படங்களும் பேரனோடு பேசிய குரல் பதிவுகளும் அதில்தான்.

காட்டாங்குளத்தூரில் கடை போட்ட நாளிலிருந்து இந்த வேண்டுகோளைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். எக்ஸ்பி காலத்தில் போர்டை மாற்றினால் பெரும்பாலும் நீலத்திரைதான்; எல்லாவற்றையும் திரும்ப ஏற்ற வேண்டும். விண்டோஸ் 10 வந்த பிறகு அந்தக் கஷ்டம் குறைந்துவிட்டது. பழைய டிஸ்க்கைப் புதிய போர்டில் மாட்டி, பயாஸில் டிஸ்க் முறையைப் பழையபடியே வைத்தால், புது சிப்புகளைத் தானே அடையாளம் கண்டு, ஓரிரு முறை அணைந்து எழுந்து, பழைய திரையைக் காட்டிவிடும். லைசென்ஸ்தான் முரண்டு பிடிக்கும். ரேமை மாற்றலாம், டிஸ்க்கை மாற்றலாம். போர்டை மாற்றினால் மட்டும் இது வேறு மெஷின் என்று சொல்லிவிடும்.

வேறு மெஷினா, அதே மெஷினா? எனக்கு இது விளையாட்டுக் கேள்வி இல்லை. என் அப்பாவைத் தகனம் செய்துவிட்டு வந்த நாளிலிருந்து கூடவே இருக்கிற கேள்வி. போர்டு உடம்பு, டிஸ்க் உயிர் என்று வெகுநாள் நம்பினேன். திருமூலர் கதை அதற்குத் துணை நின்றது. சாத்தனூரில் இடையன் மூலன் இறந்து கிடக்க, பசுக்கள் சுற்றி நின்று கதறியதைப் பொறுக்காமல் அவன் உடலில் புகுந்த சிவயோகியார். கூடு விட்டுக் கூடு பாய்தல். டிஸ்க்கைக் கழற்றி வேறு போர்டில் மாட்டுவது போலத்தான்.

கதையைத் திரும்ப நினைத்தபோது அந்த நம்பிக்கை ஆடியது. மூலன் எழுந்ததும் பசுக்கள் மகிழ்ந்தன. அவற்றுக்கு அந்த உடம்பே போதும். மூலனின் மனைவிக்குப் போதவில்லை. கிட்ட வராதே என்று விலகி நின்றவரைக் கண்டு கலங்கி, ஊராரிடம் போய் முறையிட்டாள். யோகியாரோ தம் பழைய உடலைத் தேடிப் போனார். வைத்த இடத்தில் அது இல்லை. இடையனின் உடம்பிலேயே இருந்து திருமந்திரம் பாடினார். அவரை இன்றைக்கும் நாம் அழைப்பது எந்தப் பெயரால்? மூலனின் பெயரால். உள்ளே இருந்த உயிர் யோகியாருடையது, நிலைத்த பெயர் உடம்பினுடையது.

வாத்தியாரின் லேப்டாப் இன்னும் ஒரு படி மேலே போனது. புதுப் போர்டு போட்டு ஆன் செய்தேன். திரை பிட்லாக்கர் என்ற டிஸ்க் பூட்டின் 48 இலக்க எண்ணைக் கேட்டது. டிஸ்க் முழுவதும் பூட்டியிருக்கிறது. சாவியைக் காத்த சிப் பழைய போர்டோடு போய்விட்டது. அந்த அம்மாவின் குரல் உள்ளே ஒரு எழுத்துக் குறையாமல் இருக்கிறது, ஆனால் டிஸ்க்கால் அதை நமக்குத் தர முடியாது. அக்கவுண்டில் தேடலாம் என்றால் பாஸ்வேர்டு நினைவில்லை, பழைய போன் நம்பரும் இல்லை. "வீட்ல பார்க்கிறேன்" என்று எழுந்து போனார்.

அன்று ராத்திரி மெய்கண்டார்தான் நினைவுக்கு வந்தார். அவருடைய சிவஞானபோதத்தின் பன்னிரண்டு சூத்திரங்களை ஒரு பெரியவரிடம் ஞாயிற்றுக்கிழமைகளில் பாடம் கேட்டிருக்கிறேன். கண்ணுக்குப் பார்க்கும் திறன் உண்டு, வெளிச்சம் இல்லாமல் பார்க்காது. உயிருக்கு அறியும் திறன் உண்டு, காட்டுவார் இல்லாமல் அறியாது என்பார். அப்போது மனப்பாடம் செய்தேன், அவ்வளவுதான். பூட்டிய டிஸ்க்கின் முன்னால் உட்கார்ந்தபோதுதான் அது உள்ளே இறங்கியது. நான் யார் என்பது என் உடம்பிலும் இல்லை, என் நினைவுக் கிடங்கிலும் முழுதாக இல்லை. என்னைத் திறக்க இன்னொருவர் வேண்டும். சைவ சித்தாந்தம் அவரைச் சிவன் என்கிறது. நானும் அப்படியே நம்புகிறேன்.

மறுநாள் வாத்தியார் பால்கணக்கு நோட்டோடு வந்தார். லேப்டாப் வாங்கிய புதிதில் மகன் சொல்லச் சொல்ல அந்த அம்மா பின்னட்டையில் எழுதி வைத்த எண். ஆறு ஆறு இலக்கமாக எட்டு வரிசை. அவர் படித்தார், நான் அடித்தேன். ஐந்தாவது வரிசையைத் திரை ஏற்கவில்லை. மறுபடி அடித்தேன். மறுபடியும் தவறு என்றது.

அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, நோட்டை முகத்தருகே கொண்டுபோனார். விரல் ஒரு எண்ணின் மேல் நின்றது.

"இது 7 இல்ல தம்பி. அவ 1க்குத் தலையில கொஞ்சம் கொம்பு வைப்பா. நான்தான் மாத்திப் படிச்சுட்டேன்."

1 என்று அடித்தேன். எடுத்துக்கொண்டது.